அம்பாசடரும் சறுக்கோட்டமும்: பின்சக்கர வண்டியைப் புதியவர் பயிற்சிக்குத் தயார் செய்த கதை

மலர்க்குழு அன்பர்கள் இந்த முறை என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். இலக்கியம், கல்வெட்டு, சித்த மருத்துவம் என்று அறிஞர் பெருமக்கள் எழுதும் பக்கங்களுக்கு நடுவில், நாற்பது வருடம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் என்னத்தை எழுதுவது என்று தயங்கினேன். "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்கண்ணே, அது போதும்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது கிரவுன், கிளட்ச், பிரேக். ஆகவே அதையே எழுதுகிறேன். வீட்டில் இளவட்டப் பிள்ளைகள் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

போன வருடம் மழை தொடங்கும் சமயத்தில் என் தங்கச்சி மகன் பட்டறைக்கு வந்தான். வயது இருபத்திரண்டு. "மாமா, அப்பா வண்டிய டிரிஃப்டுக்கு ரெடி பண்ணித் தர்றீங்களா?" என்று கேட்டான். கையில் இருந்த ஸ்பேனரை அவன் மேலேயே எறிந்திருப்பேன். அப்பா வண்டி என்பது 1998-ல் மச்சான் வாங்கிய அம்பாசடர், 1800 இசுசு பெட்ரோல் எஞ்சின். விமான நிலையத்துக்கும் கப்பல் துறைக்கும் டாக்சியாக ஓடி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒரு வீட்டுக்கு மேல்தளமும் போட்டுக் கொடுத்த வண்டி. மச்சான் காலமான பிறகு சொந்த உபயோகத்துக்குப் பதிவை மாற்றி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். அதைக் கொண்டுபோய்ப் புகை விட்டுச் சுற்றுவதா?

இரண்டு நாள் கழித்துத்தான் மற்ற சங்கதி தெரிந்தது. பையனும் சிநேகிதர்களும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் யாரோ ஒருவன் வீட்டு ஈகோ வண்டியை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு தடவை அல்ல. என் தங்கச்சி அழவில்லை, சண்டை போடவில்லை. "அண்ணே, வேணாம்னு நீ சொன்னா அவன் கேக்க மாட்டான். எப்படின்னு சொன்னா கேப்பான்" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் தார்ப்பாயைப் பிரித்தேன்.

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1991-ல் ஒரு மழை ராத்திரி, ஃபெரார்கஞ்சிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், வாய் இன்னும் பழகவில்லை) அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் நண்பர். அந்த வாரம்தான் இரண்டு புது டயர் வாங்கி முன்சக்கரத்தில் போட்டிருந்தேன். ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, நல்ல டயர் அங்கேதான் வேண்டும் என்பது அப்போதைய என் ஞானம். பின்னால் மொட்டை டயர். இறக்கத்தில் ஒரு வளைவு. வண்டியின் பின்பக்கம் தானாக வெளியே நகர்ந்தது. பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சடக்கென்று எடுத்து பிரேக்கின் மேல் நின்றேன். வண்டி சுற்றிக்கொண்டு போய் மரத்தில் அவர் பக்கமாக இடித்தது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. இன்றும் சாயங்காலம் அபர்தீன் பஜார் டீக்கடைக்குச் சாய்ந்து சாய்ந்து நடந்துதான் வருவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இதுவரை சொன்னதில்லை. நான் அன்று செய்தது இரண்டு தப்பு. இரண்டும் என்ன என்று எனக்கே பத்து வருடம் கழித்துத்தான் புரிந்தது.

டயருக்கும் தரைக்கும் நடுவில் உள்ள பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. அளவு இவ்வளவுதான். அதிலேயே வண்டியைத் தள்ள வேண்டும், நிறுத்த வேண்டும், வளைவில் பக்கவாட்டில் போகாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். வாடகைக்கு முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால் அரிசிக்கு இல்லை. வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் பின்சக்கரத்துக்கு ஆக்சிலேட்டரை மிதித்து மேலும் வேலை கொடுத்தால், முன்னோக்கித் தள்ளுவதற்கே பிடிமானம் செலவாகி, பக்கவாட்டுக்கு மிச்சமில்லாமல் போகிறது. பின்பக்கம் வெளியே நழுவுகிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் கதை வேறு. அங்கே இழுப்பதும் திருப்புவதும் ஒரே சக்கரம். அது தோற்றால் மூக்கு நேராகப் போகும், வால் ஆடாது. ஆகவேதான் இந்த விளையாட்டுக்குப் பின்சக்கர வண்டி வேண்டும் என்கிறார்கள்.

வால் வெளியே போன பிறகு முன்சக்கரத்தை அது போகும் பக்கமே திருப்பி, ஆக்சிலேட்டரைச் சீராக மிதித்து, வண்டி குறுக்கே நின்றபடியே வளைவைச் சுற்றி வந்தால் அதுதான் டிரிஃப்ட். நான் இதற்குச் சறுக்கோட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். சறுக்கி விழுவது விபத்து. சறுக்கியபடியே ஓடுவது ஓட்டம். தமிழாசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

இது ஒன்றும் புது வித்தை அல்ல. 1930-களில் இத்தாலியின் தாசியோ நுவொலாரி போன்ற பந்தயக்காரர்கள் நான்கு சக்கரத்தையும் சறுக்கவிட்டே வளைவு எடுத்தார்கள். மண்சாலை ராலிக்காரர்களுக்கு இது அன்றாடம். இதைத் தனிக் கலையாக ஆக்கியவர்கள் ஜப்பானியர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து காருக்கு வந்த குனிமிட்சு தகஹாஷி 1970-களில் பந்தயத் தடத்தில் இப்படி ஓட்டினார். அதைப் பார்த்து மலைச்சாலைகளில் பழகியவர் கெய்ச்சி சுச்சியா. அவர் பேரோடு சேர்ந்து புகழ்பெற்ற டொயோட்டா ஏ.இ. 86 ஒரு சாதாரணச் சின்ன பின்சக்கர வண்டி. 2001 முதல் அங்கே டி1 என்று தொடர் போட்டியே நடக்கிறது. 2006-ல் டோக்கியோவை வைத்து ஆங்கிலப் படம் வந்தபின் உலகத்துப் பையன்கள் எல்லாம் பித்துப் பிடித்தார்கள். ஜப்பான்காரன் என்றாலே 1942-ஐ நினைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறைந்த தீவு இது. கடலைப் பார்த்தபடி அவர்கள் கட்டிப்போட்ட பங்கர்களுக்குப் பக்கத்திலேயே நம் பிள்ளைகள் அவர்கள் வித்தையைப் பழகப் பார்க்கிறார்கள்!

நம் பக்கமும் வறண்டதல்ல. 1980-களின் தொடக்கத்தில் நான் மெட்ராஸில் பட்டறை வேலை பழகிய காலத்தில் சோழவரம் பந்தயத்துக்குப் போவோம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. ஃபியட், ஹெரால்டு என்று பார்த்துப் பழகிய வண்டிகளே அங்கே வால் ஆட்டிக்கொண்டு வளைவு எடுக்கும். எல்லாம் பின்சக்கர வண்டிகள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சொந்தத் தடம் வந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் ஒன்று இருக்கிறது. மெயின்லேண்டில் இருப்பவர்கள் பணம் கட்டி அங்கே போய் ஓட்டலாம். நமக்குக் கப்பலில் மூன்று நாள்.

சரி, எந்த வண்டி? பின்சக்கரம் தள்ளுவது என்றால் நம் ஊரில் ஆம்னி, ஈகோ, பொலேரோ, பழைய குவாலிஸ், இன்னோவா, டூ வீலில் போட்ட ஜிப்சி என்று எத்தனையோ உண்டு. இவற்றில் ஒன்றைக்கூட நான் தொடமாட்டேன். உயரமான வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகையில் ஒரு கல்லோ சாலையோரத் திட்டோ சக்கரத்தைத் தடுத்தால் அப்படியே உருண்டுவிடும். ஆம்னி, ஈகோவில் ஓட்டுநர் கால் முன்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது, இடித்தால் முதலில் வாங்குவது முழங்கால். பையன்கள் ராத்திரியில் எதை ஓட்டினார்கள் என்று கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது இதனால்தான். புது வண்டிகளில் சறுக்கலைத் தானே உணர்ந்து பிரேக் பிடிக்கும் மின்னணு ஏற்பாடும் உண்டு. அது பாதுகாப்புக்கு வைத்தது. அதை நோண்டக்கூடாது. மிஞ்சுவது தாழ்ந்த பழைய செடான்கள்: அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெசா. மூன்றில் கான்டெசாதான் உத்தமம், அகலம், நீளம், பின்னால் காயில் ஸ்பிரிங். ஆனால் 2002-லேயே உற்பத்தி நின்ற வண்டி. அம்பாசடரும் 2014-ல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. என்றாலும் பாகம் இன்னும் கிடைக்கிறது.

அம்பாசடர் பற்றி ஒரு வார்த்தை. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் அச்சு. முன்னால் டார்ஷன் பார், பின்னால் ஒரே தண்டாக ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை. 1800 இசுசு எஞ்சின் எழுபத்தைந்து குதிரை சக்திக்குப் பக்கம். வண்டி எடை ஒரு டன்னுக்கு மேல். காய்ந்த தார் ரோட்டில் இது சறுக்கோட்டத்துக்குப் போதவே போதாது. நனைந்த சிமெண்ட் தரையில் போதும். பழைய டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் ஆசையை விட்டுவிடலாம், அதன் சக்தி இதில் பாதிதான்.

இனி வேலைக்கு வருவோம். சிநேகிதர்கள் பையனுக்குக் கொடுத்த பட்டியலில் பெரிய சைலன்சர், தாழ்த்திய ஸ்பிரிங், கறுப்பு ரிம் எல்லாம் இருந்தது. அந்தக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நான் எழுதிய முதல் வார்த்தை: துரு.

தீவில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. உப்புக் காற்று, வருடத்தில் எட்டு மாதம் மழை. அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். ஆகவே தரைத்தகடு துருப்பிடித்தால் அது அழகுக் குறை அல்ல, எலும்பு உளுத்த மாதிரி. வண்டியை நாலு ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கியை நம்பி ஒருநாளும் அடியில் படுக்காதீர்கள்) பையன் கையில் ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியும் கொடுத்தேன். தட்டினால் கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் குத்திப் பார். பின் ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள் மாட்டும் இடம், டார்ஷன் பார் பின்முனை பிடிக்கும் குறுக்குத் தகடு, சீட் போல்ட் இறங்கும் இடம், இந்த மூன்றும் முக்கியம். சறுக்கும்போது பக்கவாட்டு விசை முழுவதும் இங்கேதான் வந்து நிற்கும். வலப்பக்கப் பின் ஷாக்கிள் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இதுல நீ குறுக்க நின்னு சுத்தியிருந்தா ஆக்ஸில் தனியா, நீ தனியா போயிருப்பீங்க" என்றேன். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யவே மூன்று வாரம் ஆனது. சைலன்சர் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்து பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் சாமான். நம் ஊர் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். முழுவதும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்து, வீல் சிலிண்டர் கப்புகளைப் புதிதாகப் போட்டோம். பழைய இரும்புக் குழாயில் மேலே பெயிண்ட், உள்ளே துரு. தயங்காமல் புதுக் குழாய். ஹேண்ட் பிரேக் சமமாகப் பிடிக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பலர் அதை இழுத்துத்தான் வாலை வெளியே விடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. கேபிளை உருவி, கிரீஸ் விட்டு, இரண்டு டிரம்மும் ஒரே நேரத்தில் பூட்டும்படி சரி செய்தோம்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கக்கூடாது. டை ராட் முனைகள், ரேக் புஷ், முன் வீல் பேரிங். ஸ்டியரிங்கை முழுதாக இரண்டு பக்கமும் ஒடித்து, டயர் எங்கேயும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்த் திருப்பின்போது அந்தக் கடைசி எல்லை வரை போக வேண்டிவரும். புரொப்பல்லர் ஷாஃப்டின் யு.ஜே. கிராஸ், எஞ்சின் கட்டை, கியர் பாக்ஸ் கட்டை, கிளட்ச் பிளேட் எல்லாம் வழக்கமான பரிசோதனைதான், விரிக்கவில்லை. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்தால் மாற்றிவிடுங்கள். இவற்றில் பாதிச் சாமான் புதுப்பேட்டையிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. கடல் கொந்தளித்து ஒரு கப்பல் தள்ளிப்போனால் நம் வேலையும் பதினைந்து நாள் தள்ளும். மெயின்லேண்டுக்காரர்களுக்கு இந்த அருமை தெரியாது.

டிஃபரென்ஷியல் விஷயத்தில் எனக்கும் பையனுக்கும் பெரிய வாக்குவாதம். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். அதற்காகத்தான் கிரவுனுக்குள் சின்னப் பல்சக்கரங்களை வைத்து இரண்டையும் தனித்தனி வேகத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தொல்லை: எடை குறைந்த உள்சக்கரம் சும்மா சுற்றி, சக்தி முழுவதையும் விழுங்கிவிடும். ஒரு டயர் மட்டும் புகையும், வண்டி நேராகப் போகும். இதற்கு வெளிநாட்டில் இரண்டையும் ஓரளவு பிணைக்கும் தனி டிஃபரென்ஷியல் விற்கிறார்கள். ஏழைகளின் வழி, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டு வைத்து ஒரே தண்டாக்கிவிடுவது. பையன் அதைத்தான் கேட்டான். நான் மறுத்துவிட்டேன். வெல்டு வைத்த வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் டயரை அறுக்கும், ஆக்ஸில் ஷாஃப்டை முறுக்கும், மழை ரோட்டில் கேட்காமலே வால் ஆட்டும். வெல்டு விட்டுப்போய்த் துண்டு உள்ளே விழுந்தால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். மச்சான் வண்டி என்றாவது ஒருநாள் தங்கச்சியைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். புதியவன் நனைந்த தரையில் பழக சாதாரண டிஃபரென்ஷியலே போதும் என்பது என் கட்சி. ஜப்பான்காரர்கள் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள், பரவாயில்லை.

டயரில்தான் என் பழைய பாவம் இருக்கிறது. சாலைக்கு நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், கையில் தெரியும், காலை எடுத்தால் திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் சாதாரண ஆளுக்குச் சுற்றிக்கொண்டு போவதுதான் கதி. சறுக்கோட்டத்துக்கு அப்படியே தலைகீழ்: பிடிமானம் முன்னால், தேய்ந்தது பின்னால். அதாவது 1991-ல் எனக்கே தெரியாமல் நான் டிரிஃப்ட் வண்டி தயார் செய்து நண்பரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்! ஆகவே மைதானத்துக்கென்று தனி ஜோடி ரிம்மும் டயரும். அங்கே போய் மாட்டி, திரும்பும்முன் கழற்றிவிட வேண்டும், எவ்வளவு சலிப்பாக இருந்தாலும். தேய்ந்தது என்றால் பட்டன் தேய்ந்தது, நூல் தெரிவதோ ஓரம் வெடித்ததோ அல்ல. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ரொம்பப் பழசு என்றால் வேண்டாம். காற்று முன்னால் 30, பின்னால் 36 வைத்தோம். ஏற்றினால் தரையில் பதியும் இடம் சுருங்கும், சீக்கிரம் நழுவும். டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

உட்காரும் இடத்தை யாரும் யோசிப்பதில்லை. அம்பாசடரின் முன் சீட் திண்ணை மாதிரி. வண்டி குறுக்கே போனால் ஓட்டுகிறவன் வழுக்கிப் பக்கத்துச் சீட்டுக்குப் போய்விடுவான். ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் அவன் உட்கார்ந்திருக்க முடியும், பிறகு திருப்புவது எப்படி? இரண்டு பக்கமும் அணைக்கும் தனி சீட் ஒன்று வாங்கி, தரைக்கு மேலும் கீழும் கனத்த தகடு வைத்து போல்ட் செய்தோம். பெல்ட் கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்புக் குப்பி. பேட்டரியைக் கயிறு போட்டு அல்ல, பட்டை போட்டு இறுக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டிக்கியில் கிடந்த பழைய சங்கிலி எல்லாம் இறக்கியாச்சு. டேஷ்போர்டில் மச்சான் ஒட்டியிருந்த முருகன் சிலையையும் எடுக்கச் சொன்னேன். பையன் தயங்கினான். "பறந்து வந்து நெத்தியில அடிச்சா முருகனுக்குத்தான்டா கெட்ட பேரு" என்றதும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான்.

பெட்ரோல் அரை டேங்க். குறைவாக இருந்தால் சுற்றும்போது ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் திணறும், நிறைய இருந்தால் சிந்தும். எஞ்சின் ஆயில் டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை. ரேடியேட்டர் கவனம்: எஞ்சின் கத்தும், வண்டி நகராது, காற்று வராது. ஆகவே மூன்று நிமிடம் சுற்று, ஐந்து நிமிடம் மெதுவாக உருட்டு.

மைதானம் கிடைத்தது தனிக்கதை. 2002 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மூடிய தனியார் மரமில்களில் ஒன்றின் முற்றம். மரம் அடுக்கிய சிமெண்ட் தளம், சுற்றிலும் மதில், ஒரே கேட். உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டோம். பொதுச்சாலையில் இதைச் செய்தால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் அபாயகரமாக ஓட்டுவதற்குப் பிரிவு 184, அனுமதியில்லாப் பந்தயத்துக்கு 189. 2019 திருத்தத்தில் இரண்டையும் கடுமையாக்கினார்கள். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினால் பிரிவு 52. இன்சூரன்ஸும் பந்தயம், வேகச் சோதனை என்றால் பணம் தராது. சட்டத்தை விடுங்கள், கடற்கரைச் சாலையில் ராத்திரி மீன் வலையோடு சைக்கிளில் வருகிறவருக்கு விளக்குகூட இருக்காது.

முதல் நாள் நடுவில் ஒரு பழைய லாரி டயரை வைத்தேன். கல்லோ டிரம்மோ வேண்டாம், இடித்தால் கொடுத்து வாங்கும் சாமானாக இருக்க வேண்டும். மழை நின்ற தரை, பாசி இல்லாத பக்கம். முதல் கியரில் அதைச் சுற்றி வட்டம் போடச் சொன்னேன், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். பிறகு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக. வால் நகர்ந்த அந்தக் கணம் பையன் நான் செய்த அதே தப்பைச் செய்தான்: காலை வெடுக்கென்று எடுத்தான். பின்சக்கரத்துக்குப் பிடிமானம் ஒரே அடியாகத் திரும்ப வந்து, ஒடித்து வைத்த ஸ்டியரிங் இழுத்த பக்கம் வண்டி வெட்டித் திரும்பி நின்றது. நான் வெளியே நின்றுகொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அங்கே அடிக்க மரம் இல்லை. இதுதான் வித்தியாசம்.

காலை எடுக்காதே, குறை. ஸ்டியரிங்கைப் பிடித்து மல்லுக்கட்டாதே, அது தானே ஓடும், விட்டுப் பிடி. கண் டயரைப் பார்க்கக்கூடாது, நீ போக வேண்டிய இடத்தைப் பார். இந்த மூன்றையும் சொல்ல அரை நிமிடம், உடம்பு கற்க ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு வேடிக்கை கவனித்தோம். இடப்பக்க வட்டம் சுலபமாக வந்தது, வலப்பக்கம் வரவே இல்லை. யோசித்தால் காரணம் இருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் முறுக்கும்போது ஒரே தண்டான ஆக்ஸிலின் வலப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும். இடப்பக்கம் திரும்பினால் வண்டியின் எடை வலப்பக்கம் சாய்ந்து அதைச் சரிக்கட்டிவிடுகிறது, இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றுகின்றன. வலப்பக்கம் திரும்பினால் தூக்கியதும் எடை போனதும் ஒரே சக்கரம். நாற்பது வருடம் பட்டறையில் இருந்தும் இதை நான் கண்ணால் பார்த்தது அந்த மரமில்லில்தான்.

நாலாவது வாரம் நண்பர் ஒருநாள் வந்து கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை, டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன் மூன்று முழு வட்டம் குறுக்காகவே சுற்றி வந்து நிறுத்தினான். நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கு நீ கால எடுக்காம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டார். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவை. "ஆமா" என்றேன். "பின் டயரும் மாத்திருக்கணும்" என்றேன். "சரி, டீ வாங்கித் தா" என்றார்.

இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பையன் தானே வீல் ஸ்பேனரை எடுத்து இருபது நட்டையும் பார்க்கிறான். ராத்திரிப் பயணம் நின்றுவிட்டதா என்று தங்கச்சியிடம் கேட்டேன், பத்து மணிக்கே தூங்கிவிடுகிறான் என்கிறாள். சிநேகிதர்களில் இரண்டு பேர் மரமில்லுக்கு வருகிறார்கள். ஈகோக்காரன் இன்னும் வரவில்லை, அவன் அப்பாவிடம் நானே போய்ப் பேச வேண்டும். போன ஞாயிறு பார்த்ததில் வலப்பக்கப் பின் டயரில் நூல் தெரிகிறது. அடுத்த கப்பலில் இரண்டு பழைய டயரும் ஒரு யு.ஜே. கிராஸும் வருகின்றன. அதுவரை வண்டி ஸ்டாண்டில்தான்.